இடியப்பக்காரி வீட்டில் ஒரு நூல்பூசணி

1

சென்ற வாரம் கொக்குவிலில் இருக்கும் என் தங்கைக்கு எங்கள் சாப்பாட்டு மேசையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "அக்கா, உதென்ன மஞ்சள் இடியப்பம்? மஞ்சள் கூடிப்போச்சோ?"

இடியப்பம் இல்லை, மரக்கறி என்று எழுதினேன். நம்பவில்லை. பூசணிக்காய் என்று எழுதினேன். அதற்குப் பிறகு தொலைபேசியே எடுத்துவிட்டாள். பூசணிக்காய்க்குள் நூல் எப்படி வரும், நீங்கள் அங்கே என்னத்தைத்தான் தின்கிறீர்கள், அத்தான் ஏன் மெலிந்துபோனார் என்று ஒரே மூச்சில் கேட்டாள். அரை மணித்தியாலம் விளக்கினேன். கடைசியில், "உதை ஒருக்கா எழுதுங்கோ அக்கா. வாயாலை சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்," என்றாள்.

எழுதுகிறேன், சமைக்கும் முறையையும் சேர்த்தே. அந்தக் காயைச் சரியாகச் சமைக்கப் பழக எங்கள் வீட்டில் மூன்று மாதமும் ஒரு சண்டையும் ஒரு களவும் தேவைப்பட்டன.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து இருபத்தேழு வருடமாகிறது. மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸில் இருக்கிறோம். அஜின்கோர்ட்டில் பெருந்தெருவோரம் உள்ள ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் நான் பதினெட்டு வருடமாக இடியப்பம் போடுகிறேன். காலை ஐந்து மணிக்கு மாவில் கை வைத்தால் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் ஏப்ரனைக் கழற்றுவேன். பிழிவதற்கு இப்போது மெசின் வந்துவிட்டது. ஆனால் மாவுக்கு எவ்வளவு சுடுதண்ணீர் விட வேண்டும் என்பதை மெசின் சொல்லாது. மாரியில் மா ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கை அந்தக் கடையில் என்னுடையதுதான். ஸ்காபரோவில் பிறந்தநாளா, செத்த வீட்டு அந்தியேட்டியா, பெண் பார்க்க வருகிறார்களா, என் இடியப்பம் அங்கே போயிருக்கும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் நான் ஒரு இடியப்பம் பிழிந்ததில்லை. படிக்கிற பிள்ளை என்று அம்மா என்னை அடுப்படிப் பக்கம் விடமாட்டார். இங்கே வந்த முதல் மாரியில், கடையில் வாங்கிய இடியப்பத்தைச் சாப்பிட்ட என் கணவர், "ரப்பர் மாதிரிக் கிடக்கு," என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாளே ஒரு இடியப்ப உரல் வாங்கினேன். மூன்று கிழமை களியாக வந்தது. நான்காவது கிழமை இடியப்பமாக வந்தது. ஆகவே இது நான் ஊரிலிருந்து கொண்டு வந்த கைவேலை அல்ல. இந்த நாட்டில், இந்தக் குளிரில், நானே பழகியது. அதனால்தான் அதன்மேல் ஒருவர் கை வைத்தபோது எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

2

ஆவணி மாதம் தபாலில் ஒரு படிவம் வந்தது. என் கணவர் தவராசா இருபத்திரண்டு வருடமாக ட்ரக் ஓட்டுகிறார். விடியப்புறம் களஞ்சியத்தில் மரக்கறிகளை ஏற்றிக்கொண்டு கிங்ஸ்டன், பரி என்று வெளியூர்களுக்குப் போய்க் கடைகளுக்கு இறக்கிவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வருவார். பெரிய வாகனம் ஓட்டுகிறவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை வைத்தியரிடம் உடம்பைக் காட்டி, அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த லைசென்ஸ் இல்லை.

எங்கள் வைத்தியர் தமிழ்ப் பிள்ளைதான். ஆனால் இங்கே பிறந்தவர். இரத்தப் பரிசோதனை முடிவைத் திரையில் பார்த்தவர், நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

"அங்கிள், மூண்டு மாதச் சுகர் அவரேஜ் ஒன்பதரைக்கு மேலை. இப்ப நான் சைன் பண்ணினால் அது பொய். த்ரீ மந்த்ஸ் பாப்பம். ஏழரைக்குக் கீழை கொண்டு வாங்கோ."

"கொண்டு வராட்டில்?" என்று நான் கேட்டேன்.

"அப்ப நான் உண்மையைத்தான் எழுதவேணும் அன்ரி."

படிவத்துக்கு லைசென்ஸ் அலுவலகத்திடம் மூன்று மாதத் தவணை கேட்க, நான் ஒரு நாள் அரைநேர லீவு எடுத்துத் தொலைபேசியில் உட்கார்ந்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு. ஒரே பியானோ இசை திரும்பத் திரும்ப. கடைசியில் வந்த பெண்மணி மிக மரியாதையாகப் பேசித் தவணை தந்தார். ஆனால் காரணம் என்ன என்று கேட்டபோது, "மை ஹஸ்பன்ட் இஸ் வெரி ஸ்வீட்," என்று சொல்லிவிட்டேன். சீனி கூட என்று சொல்ல வந்தது. அவர், "தட்ஸ் லவ்லி," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் ஆரணி வந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. இரண்டு வருடமாக யூனியன்வில்லில் ஒரு சிநேகிதியோடு தனியாக இருக்கிறாள். முன்பு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள், பிறகு ஒன்றைவிட்டு ஒரு ஞாயிறு. வரும்போது பாதித் தமிழ், போகும்போது முழு ஆங்கிலம். அன்று நான் இடியப்பமும் மீன் சொதியும் சம்பலும் வைத்திருந்தேன். வழக்கம்போல இவர் தட்டில் அடுக்கினேன். ஆரணி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, பதினைஞ்சு. டொக்டர் சொன்னது நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

"சும்மா இரு. மனுசன் விடியப்புறம் தொடக்கம் வேலை செய்யிறவர்."

"யூ ஆர் கில்லிங் ஹிம், அம்மா. உங்கடை கையாலை."

பதினெட்டு வருடமாக ஊருக்கே சோறு போட்ட கை. நான் சொன்னேன்: "சாப்பிட வாறதெண்டால் வா. எனக்குப் படிப்பிக்க வாறதெண்டால் வராதை."

அவள் எழுந்தாள். சப்பாத்தின் குதிகாலை மிதித்தபடியே வாசலால் போய்விட்டாள். இவர் பதினைந்தையும் தின்னவில்லை, தட்டையும் தள்ளவில்லை. கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

அவள் சொன்னது பிழை என்றால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. வைத்தியரிடமிருந்து திரும்பி வரும்போது காருக்குள் அதே எண்ணம் எனக்கும் ஒருமுறை வந்து போயிருந்தது. அதை என் மகளின் வாயால் ஆங்கிலத்தில் கேட்க நேர்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

3

பிறகு இவரை டயட்டீசியனிடம் அனுப்பினார்கள். நான் வேலையில் நின்றதால் தனியாகப் போய் வந்தார்.

"என்ன சொன்னவ?"

"சோறு குறைக்கட்டாம். இடியப்பம் ஒரு நேரத்துக்கு மூண்டாம். வயிறு நிரம்பாட்டில் மிச்சத்துக்கு ஸ்குவாஷ் எடுக்கட்டாம்."

அடுத்த நாள் பின்னேரம் தமிழ்க் கடையிலிருந்து இரண்டு போத்தல் ஒரேஞ் ஸ்குவாஷோடு வந்தார். ஊரில் விருந்தாளி வந்தால் தண்ணீரில் கரைத்துக் கொடுப்போமே, அதே ஸ்குவாஷ்.

"இஞ்சேருங்கோ, உது முழுக்கச் சீனியெல்லோ?"

"நானும் யோசிச்சனான். ஆனால் அவ படிச்ச பிள்ளை. சும்மா சொல்லுவாவே? இஞ்சை எல்லாம் வேறை முறை."

பெரிய கிளாஸில் கரைத்து மருந்து குடிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து விரலைக் குத்திச் சீனி பார்த்தார். வந்த இலக்கத்தைக் கண்டு மெசின் பழுதென்று மேசையில் தட்டினார். திரும்பக் குத்தினார். அது இன்னும் கூடியிருந்தது.

ஆரணிக்குப் போன் அடித்தார். அவள் அப்பாவோடு மட்டும் கதைப்பாள். என்னோடு கதைக்காமல் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டிருந்தது. தொலைபேசி மேசையில் ஸ்பீக்கரில் சத்தமாகக் கிடக்க, நான் பாத்திரம் கழுவுகிறவளாக நின்றேன்.

"அப்பா, வெயிட். நீங்கள் ஜூஸ் குடிச்சனீங்களா?"

"ஜூஸ் இல்லைப் பிள்ளை. ஸ்குவாஷ்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஆரணி சிரிக்கத் தொடங்கினால் விக்கல் வரும் மட்டும் சிரிப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "அப்பா, ஸ்குவாஷ் எண்டால் வெஜிடபிள். பூசணி மாதிரி. அவ சொன்னது ஸ்பகெட்டி ஸ்குவாஷ். உள்ளுக்கை நூல் நூலா இருக்கும். யூ ஈட் இட் லைக் நூடில்ஸ்."

நான் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுச் சிரித்தேன். கதைக்காமல் இருப்பவள் சிரிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கக்கூடாதல்லவா.

4

காயைத் தேடி நானே போனேன். வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இது: நீள்முட்டை வடிவம், வெளிர் மஞ்சளிலிருந்து நல்ல மஞ்சள் வரை நிறம். தோல் மங்கலாக, நகத்தால் கீறினால் கீறுப்படாத அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும். பச்சைத் திட்டு இருந்தால் முற்றவில்லை. கையில் எடுத்தால் அளவுக்கு மேல் பாரமாக இருக்க வேண்டும்.

பூசணி என்று சொன்னார்கள், நான் பூசணியைப்போலவே நடத்தினேன். தேங்காய் உடைக்கிற கத்தியால் கொத்திப் பிளந்து, தோலைச் சீவி, துண்டு போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். தோலைச் சீவவே அரை மணித்தியாலம் பிடித்தது. கறி அடுப்பில் கொதிக்கத் துண்டுகள் பிரிந்து நூல் நூலாக மிதந்தன. யாரோ கம்பளி உடுப்பைக் குழம்புக்குள் விட்டது போல இருந்தது. இவர் அதையும் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு காயை மேசையில் வைத்துக்கொண்டு நின்றேன். கத்தி வழுக்கி இடது பெருவிரலில் ஒரு வெட்டும் வாங்கியாயிற்று. இவர் விரலில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, என்னைக் கேளாமலே ஆரணிக்கு வீடியோவில் அடித்து, போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு அடுப்படியால் வெளியே போய்விட்டார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"விரல் என்ன?"

"ஒண்டுமில்லை. கத்தி பட்டிட்டுது."

"அம்மா, முதல் கத்தியைக் கீழை வையுங்கோ. அப்பிடியே வெட்டக்கூடாது. கத்தி நுனியாலை சுத்திவர ஏழெட்டு ஓட்டை போடுங்கோ. டீப்பா. பிறகு மைக்ரோவேவிலை அஞ்சு நிமிசம். அப்ப தோல் சொஃப்ட் ஆகும்."

"ஓட்டை என்னத்துக்கு?"

"போடாட்டில் அது வெடிக்கும். என்ரை ரூம்மேட் வெடிக்க வைச்சவள்."

ஐந்து நிமிடத்தில் எடுத்தேன். காய் சூடாக, கத்திக்கு இணங்கி வந்தது. நெடுக்காகப் பிளக்கப் போனேன்.

"நோ, நோ. லோங் வே வெட்டாதேங்கோ. குறுக்கை வெட்டுங்கோ, வளையம் வளையமா. நூல் உள்ளுக்கை வட்டமாச் சுத்தியிருக்கு. நெடுக்கை வெட்டினால் எல்லா நூலும் கட்டையாப் போயிடும்."

எனக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது என் தொழில். உரலிலிருந்து இறங்கும் நூலைத் தட்டில் சுற்றுவதுபோல இந்தக் காயும் தன் நூலைத் தானே சுற்றி வைத்திருந்தது. "ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஆரும் இல்லை. பிழை விட்டுப் பழகினது."

அது என் பதில். நான் இடியப்பம் பழகின கதையை யாராவது கேட்டால் நான் சொல்லும் அதே பதில். அவளிடம் அதைச் சொல்லவில்லை. நன்றி என்று தமிழில் சொல்ல எங்கள் வீட்டில் வழக்கமில்லை. "சரி, வைக்கிறன்," என்றேன். அவளும் "ஓகே, பை," என்றாள். இரண்டு பேரும் வைக்கவில்லை. வளையங்களை ஓவனுக்குள் தள்ளும் மட்டும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

அன்றிலிருந்து வேலைநாளெல்லாம் பின்னேரச் சாப்பாடு நூல்பூசணிதான். நான் அதை இடியப்பத் தட்டில் வட்டமாக அடுக்கினேன். மேலே சொதி விட்டேன். பக்கத்தில் சம்பல் வைத்தேன். "இந்தாங்கோ, மஞ்சள் இடியப்பம்," என்று வைப்பேன். "நல்லாத்தான் கிடக்கு," என்பார். கழுவி வைத்த தட்டுப் போலத் தட்டு காலியாகும்.

மூன்று கிழமை போயிற்று. காலையில் விரல் குத்தும்போது சீனி குறைந்தபாடில்லை. நான் காயைச் சந்தேகித்தேன். டயட்டீசியனைச் சந்தேகித்தேன். குத்துகிற மெசினையும் மாற்றினேன். இவரைச் சந்தேகிக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கடையில் காசு வாங்குகிற இடத்தில் தர்சினி என்றொரு பிள்ளை வேலை செய்கிறாள். பின்னேரக்காரி. நான் போகும்போதுதான் அவள் வருவாள். ஒரு நாள் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது சொன்னாள்:

"அன்ரி, நேற்றைக்கு அங்கிளுக்கு இடியப்பம் முடிஞ்சுது. அவருக்குச் சரியான கவலை. இண்டைக்கு எடுத்து வைக்கட்டோ?"

"எந்த அங்கிளுக்கு?"

"தவம் அங்கிளுக்கு. ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்கு வாறவர்தானே." என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "வீட்டுக்கெண்டு நினைச்சனான் அன்ரி."

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டு, காசு மேசைக்குப் பின்னால் நின்றேன். சரியாக ஐந்து மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேலை உடுப்பு, கையில் கார்த் திறப்பு. என்னைக் கண்டதும் நின்றார். பின்னால் வந்த ஆள் அவர் முதுகில் முட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டான்.

"என்ன வேணும்?" என்று கேட்டேன். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே குரலில்.

ஏதாவது பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்ல, "பத்து இடியப்பம்," என்றார்.

கட்டிக் கொடுத்தேன். சொதியும் வைத்தேன். அவர் முன்னே போக நானும் பின்னால் போய்க் காரில் ஏறினேன். பிளாசா தரிப்பிடத்தில், வண்டியைக் கிளப்பாமல் இருந்தார். பார்சல் என் மடியில் சுட்டுக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு கிழமைக்கு மேலை."

"பூசணி நல்லாயில்லையெண்டால் சொல்லியிருக்கலாமே. நான் விரலை வெட்டி, காயைச் சுமந்து..."

"அதாலைதான் சொல்லேல்லை," என்றார். "விரலையும் வெட்டிக்கொண்டு நிண்டு சமைக்கிறீர். எப்பிடிச் சொல்லுறது?" அவரே தொடர்ந்தார். "அது பிழையான சாமான் இல்லை, வதனி. நீர்தான் அதுக்கு இடியப்பமெண்டு பேர் வைச்சு, இடியப்பத் தட்டிலை அடுக்கி, சொதியும் விட்டுத் தாறீர். நானும் இடியப்பமெண்டு வாயைத் திறக்கிறன். உள்ளுக்கை போனது தண்ணி. பசியும் அடங்குதில்லை, வாயும் அடங்குதில்லை. வேறை ஆக்களின்ரை இடியப்பமெண்டால் விட்டிருப்பன். உம்மடை இடியப்பத்தைத் தெரிஞ்ச வாய் இது."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்தது பெருமை. அந்தப் பெருமை வந்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

"லைசென்ஸ் போகப்போகுது. தெரியுமோ?"

"தெரியாமலே?" அவர் முன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "களஞ்சியத்திலை சுப்பர்வைசர் என்ரை இங்கிலீசைத் திருத்துவான். பாங்கிலை திருத்துவினம். என்ரை பிள்ளையே திருத்துவாள். ட்ரக்குக்குள்ளை ஏறிக் கதவைச் சாத்தினால், கிங்ஸ்டன் மட்டும் ஒருத்தரும் என்னைத் திருத்தமாட்டினம். அது போனால் நான் என்ன செய்யிறது? அந்தப் பயத்திலைதான் கூடப் பசிக்குது போலை."

இருபத்தெட்டு வருடக் கலியாணத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்டபோதும் சொன்னவரில்லை. அகதி விசாரணைக்குப் போன காலையிலும் சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றவர்.

பார்சலைப் பிரித்தேன். மூன்றை எடுத்து அவரிடம் கொடுத்தேன். மிச்சம் ஏழையும் நான் தின்றேன். கோபத்தில் தின்னத் தொடங்கினேன். நாலாவதில் கோபம் போய்விட்டது.

"இனி நல்லாயில்லாட்டில் நல்லாயில்லையெண்டு சொல்லுங்கோ," என்றேன். "நான் செத்துப்போகமாட்டன்."

"சொதி விடாதையும்," என்றார் உடனே. "முதல் அதை நிப்பாட்டும்."

6

தண்ணீர்தான் எல்லாப் பிழைக்கும் காரணம். மாவில் தண்ணீரை இத்தனை வருடமாக ஆளுகிற எனக்கு, காயில் இருக்கும் தண்ணீர் மூன்று கிழமையாகத் தெரியவில்லை. இடியப்பமாக்க வேண்டும் என்ற அவசரத்தில் காயைப் பார்க்கவே இல்லை.

இப்போது செய்யும் முறை இதுதான். ஓட்டை போட்டு, ஐந்து நிமிடம் மைக்ரோவேவில் வைத்து எடுத்து, இரண்டு முனையையும் வெட்டி எறிந்துவிட்டு, பெருவிரல் நீளத்தில் பாதி தடிப்பில் குறுக்கு வளையங்களாக வெட்டுவேன். நடுவில் உள்ள விதையைக் கரண்டியால் வழித்து எடுப்பேன். இரண்டு பக்கமும் உப்புத் தடவிக் கால் மணித்தியாலம் விடுவேன். வியர்ப்பது போலத் தண்ணீர் முத்து முத்தாக வெளியே வரும். கடதாசித் துவாயால் ஒற்றித் துடைத்துவிட்டு, கொஞ்சம் எண்ணெய் பூசி, தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, நானூறு பாகை ஃபாரன்ஹைட் சூட்டில் ஓவனில் அரை மணித்தியாலம். முள்ளுக்கரண்டி இறங்க வேண்டும், ஆனால் நூல் கொஞ்சம் முறுகலாக இருக்க வேண்டும். கூட வெந்தால் கூழ். ஆறியதும் தோலை உரித்து, வளையத்தை விரலால் பிரித்தால் நீள நீளமாக நூல் வரும். அதையும் பத்து நிமிடம் துணியில் பரப்பி ஆறவிட வேண்டும். இதைத் தவறவிட்டால் முன்பு செய்ததெல்லாம் வீண்.

பிறகு தாச்சியில் கொஞ்ச எண்ணெய், கடுகு, சோம்பு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம், பச்சைமிளகாய். றாலோ முட்டையோ, இரண்டுமோ. பசியைப் பிடிப்பது அவைதான். றால் சுருண்டதும் நெருப்பைக் கூட்டி, நூலைப் போட்டு இரண்டே பிரட்டு. மிளகுத்தூள், பிழிந்த தேசிக்காய்ப்புளி. அவ்வளவுதான். உப்பு முதலே போட்டாயிற்று. கொத்துரொட்டிக்குக் கிட்டவாக வரும். ஆனால் நான் அதற்கு எந்தப் பேரும் வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் மூன்று இடியப்பம், அரிசி இடியப்பம், சொதியோடு. அது இடியப்பம், இது பூசணி.

முதல் நாள் ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "றால் இன்னும் கொஞ்சம் போடலாம்," என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மூன்று கிழமையாக அவர் சொன்ன எந்த 'நல்லாத்தான் கிடக்கு'க்கும் இந்த ருசி இருக்கவில்லை.

டயட்டீசியனிடம் இந்தமுறை நானும் போனேன். இருபத்தைந்து வயது இருக்கலாம், சீக்கியப் பிள்ளை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். உப்புத் தடவித் தண்ணீர் எடுப்பதை இரண்டாம் முறை கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

ஆரணி பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சொல்லாமல் வந்து நின்றாள். கையில் இரண்டு நூல்பூசணி. சாப்பிடும்போது அப்பாவின் தட்டில் இருந்ததை அவள் எண்ணவில்லை. முடிந்ததும் நான் கழுவ, அவள் துடைத்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது, அம்மா. ஐ வோஸ் ஸ்கெயார்ட்."

"நீ சொன்னதிலை பாதி சரி," என்றேன். "சொன்ன விதம்தான் பிழை. நான் வராதையெண்டு சொன்னதும் பிழை."

"எந்தப் பாதி சரி?"

"பதினைஞ்சு கூடத்தான்."

அவள் துவாயை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தாள். விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

7

கார்த்திகை கடைசியில் திரும்பப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தார். வைத்தியரைச் சந்திக்கும் நாளன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு திருமணத்துக்கு ஆயிரம் இடியப்பம். பன்னிரண்டு மணிக்குப் போனில் ஒரு படம் வந்தது. படிவம், அதன் அடியில் வைத்தியரின் கிறுக்கல் கையெழுத்து. கூட ஒரு வரி: ஏழு தசம் ஒன்று. நான் மாவுக் கையோடு குளிர் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கேட்டவர்களுக்குத் தேங்காய்ப்பூ எடுக்கப் போனேன் என்று சொன்னேன்.

இரண்டரை மணி பஸ்ஸில் வீடு வந்து கதவைத் திறந்தால் வெங்காயம் வதங்கும் மணம். அடுப்படியில் இவர் நின்றார். இருபத்தெட்டு வருடத்தில் தேத்தண்ணியைத் தவிர வேறொன்றுக்கு அந்த அடுப்பை மூட்டியவரில்லை. மேசையில் சவர்க்காரம் போட்டுக் கழுவிய, மரம் அறுக்கும் வாள் ஒன்று. காயை அதால் அறுத்திருக்கிறார். வளையங்கள் அளவெடுத்து வெட்டியது போல ஒரே தடிப்பில் இருந்தன. மா ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு கரண்டியை வாங்கப் போனேன்.

"நீர் இரும்," என்றார். "விடியப்புறம் தொடக்கம் நிக்கிறீர்."

இருந்தேன். என் வீட்டு மேசையில், சாப்பாடு வரும் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் தட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்து, தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். தான் சாப்பிடாமல் என் வாயையே பார்த்தார்.

"எப்பிடி?"

"உப்புக் கூட," என்றேன்.

அவர் தன் தட்டில் இருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டு, ஆறுதலாக மென்று விழுங்கினார். "கூடத்தான்," என்றார். பிறகு எழுந்து போய்த் தாச்சியைத் தூக்கி வந்து, என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டார்.